ஜல்லிக்கட்டுப் படங்களும் வாட்டர்மார்க்கும்: சில வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படத்தின் மேல் நாம் பதிக்கும் பெயர் அல்லது லோகோ, அதாவது வாட்டர்மார்க், திருட்டைத் தடுக்காது. ஆனாலும் நான் அதை விடப் போவதில்லை. என் படங்களுக்கு அது காவல்காரன் இல்லை, கடைப் பெயர்ப்பலகை.

நான் எடுப்பது பெரும்பாலும் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டு. சித்திரை வந்தால் அழகர். இடையில் கல்யாண வேலைகள். படங்களைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் எக்ஸ்போர்ட் செய்யும்போதே வாட்டர்மார்க் விழுகிற மாதிரி வைத்திருக்கிறேன். பின்னணி இல்லாத பிஎன்ஜி லோகோ. வெளிச்சமான படத்துக்குக் கறுப்பு, இருட்டுப் படத்துக்கு வெள்ளை. மூலையா, நடுவா, எவ்வளவு உள்ளே தள்ளி, எவ்வளவு மங்கலாக என்பதை ஒருமுறை பிரீசெட்டாக (சேமித்து வைக்கும் அமைப்பாக) வைத்துவிட்டால் போதும், நூறு படத்திலும் அப்படியே விழும். வசதி அதுதான், சங்கடமும் அதுதான். படத்துக்குப் படம் இடம் மாற்ற வேண்டுமென்றால் வேறு வேறு பிரீசெட்டாகப் பிரித்துத்தான் எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும்.

மூலையில் சின்னதாகப் போடுவது பார்க்க அழகு, பாதுகாப்பில் பூஜ்யம். ரீபோஸ்ட் செய்யும் பக்கங்கள் சதுரமாக வெட்டும்போதே பெயர் போய்விடும். ஒரு தை மாதம் பெரிய ஃபிளெக்ஸ் ஒன்றில் நான் எடுத்த காளை நின்றது. என் பெயர் இருந்த மூலையில் சிவப்புப் பட்டை ஓட்டி 'வருக வருக' என்று எழுதியிருந்தார்கள். கிட்டே போனால் காளையின் கண் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. பைக்கில் போகிறவருக்கு அது தெரியவா போகிறது? அடித்த கடையில் கேட்டேன். "கூகுள்ல கெடந்துச்சுண்ணே, எடுத்துப் போட்டுட்டேன்" என்றார் டிசைன் செய்கிற தம்பி. மறைக்கவும் இல்லை, மிரளவும் இல்லை. அவர் கணக்கில் அது கீழே கிடந்த பொருள்.

சரி, நடுவில் பெரிதாகப் போட்டால்? கொஞ்சம் பலன் உண்டு, ஆனால் எதன் மேல் போடுகிறோம் என்பதைப் பொறுத்தது. இப்போது ஃபோனிலேயே அழிப்பான் இருக்கிறது. விரலால் தடவினால் எழுத்து மறைந்துவிடும். வானம், புழுதி, வாடிவாசலுக்கு முன்னால் பரப்பிய தேங்காய்நார், இதெல்லாம் அதற்கு அல்வா. திமிலைத் தழுவிய கை, மூக்கணாங்கயிறு, கொம்பு நுனி, கூட்டத்து முகங்கள், இவற்றின் குறுக்கே எழுத்து ஓடினால் அழித்த இடத்தில் ஆறாவது விரல் முளைக்கும், கயிறு பாதியில் அறுந்து நிற்கும். அதனால் என் லோகோ இப்போது கையும் திமிலும் சேரும் இடத்தில், படம் கெடாத அளவு மங்கலாக விழுகிறது. அழகர் படத்தில் இந்த வேலை ஆகாது. குதிரை வாகனத்தின் மேல் பெயர் போட்டால், "சாமி மேலயா பேரு எழுதுவ?" என்று வீட்டிலேயே கேட்பார்கள். அங்கே தண்ணீர் பீய்ச்சுகிற கூட்டத்தின் மேல்தான்.

ஒரே குறியை எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி போடுவதில் இன்னொரு ஓட்டை உண்டு. கூகுள் ஆய்வாளர்கள் 2017-இல் காட்டியது அது: ஒரே வாட்டர்மார்க் உள்ள படங்கள் நிறையச் சேர்ந்தால், எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பதைக் கணினியே பிரித்தெடுத்து, எல்லாப் படத்திலிருந்தும் தானாக நீக்கிவிடும். இடத்தை நகர்த்துவதோ மங்கலைக் கூட்டிக் குறைப்பதோ பெரிதாக உதவாது. ஒவ்வொரு படத்திலும் குறியைக் கொஞ்சம் நெளித்துப் போட்டால்தான் அது திணறும். நம்மூர்த் திருடர்கள் அவ்வளவு மெனக்கெட மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

என்னைக் காப்பாற்றுவது லோகோ அல்ல, அளவு. நீளப் பக்கம் 1200 பிக்சலுக்கு மேல் எதையும் இணையத்தில் ஏற்றுவதில்லை. அச்சில் 300 டிபிஐ, அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி, என்று கணக்குப் போட்டால் அது நான்கு அங்குலம்தான் வரும். தூரத்திலிருந்து பார்க்கிற ஃபிளெக்ஸுக்கு அது போதும், அதை நிறுத்த வழியில்லை. ஆனால் சிவகாசியில் காலண்டர் அடிக்கிறவருக்குப் பத்தாது. அவர் என்னைத்தான் கூப்பிட வேண்டும். அப்புறம், ஏற்றுகிற படத்தை நான்கு ஓரத்திலும் கொஞ்சம் வெட்டித்தான் ஏற்றுகிறேன். "இது நான் எடுத்தது" என்று யாராவது சாதித்தால், வெட்டாத ரா ஃபைலும் (கேமரா பதிந்த மூலக் கோப்பு), அதற்கு முன்னும் பின்னும் உள்ள ஃபிரேம்களும் என் ஹார்டு டிஸ்கில் இருக்கின்றன. காளை பாய்வதற்கு அரை நொடி முந்தைய படத்தை அவர் எங்கே போய்த் தேடுவார்?

படக் கோப்புக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியாமல் பதியும் ஐபிடிசி விவரங்களையும் நிரப்புகிறேன்: பெயர், உரிமை, தொடர்பு. லைட்ரூமில் இம்போர்ட் செய்யும்போதே தானாக ஏறும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது உதிர்ந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்பினால் நிற்கும். ஸ்கிரீன்ஷாட்டுக்கு முன்னால் எதுவும் நிற்காது. எங்கெல்லாம் படம் போயிருக்கிறது என்று பார்க்க படத்தை வைத்தே தேடுகிற கூகுள் லென்ஸ், டின்ஐ இரண்டும் உதவுகின்றன, ஆனால் ஃபிளெக்ஸும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் அவற்றின் கண்ணில் படாது.

சட்டம் நம் பக்கம்தான், பெரும்பாலும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, புகைப்படத்துக்கு எடுத்தவர் வாழும் வரையும், அவர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகளும் உரிமை உண்டு, பதிவு கட்டாயமில்லை. 2012 திருத்தத்தில் வந்த 65பி பிரிவின்படி, படைப்பாளியின் பெயர் போன்ற உரிமைத் தகவலை அனுமதியின்றித் தெரிந்தே நீக்கினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ஒரு 'வருக வருக' பட்டைக்காக யார் கோர்ட்டுக்கு அலைவது என்பது தனிக் கேள்வி. கல்யாணப் படத்தில் கதை தலைகீழ். காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கேட்டு எடுத்த படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், முதல் உரிமையாளர் அவர்தான்; 17-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. மாதிரிக்காக என் இணையப் பக்கத்தில் போட வேண்டுமென்றால் அட்வான்ஸ் வாங்கும்போதே எழுதி வாங்கிக்கொள்கிறேன். ஆல்பத்தில் லோகோ போடுவதில்லை. தாலி கட்டுகிற படத்தில் என் பெயர் எதற்கு?

இவ்வளவுக்குப் பிறகும் ஏன் போடுகிறேன் என்றால், லோகோவில் ஃபோன் நம்பரைச் சேர்த்த பிறகு வந்த அழைப்புகள். பொங்கல் முடிந்த வாரம், "தம்பி, என் மாடு வாடியிலருந்து வர்ற படம், வீட்டுல மாட்டுற மாதிரி பெருசா வேணும்" என்று மாட்டுக்காரர்கள் கேட்பார்கள். படம் அவர்களிடம் போய்ச் சேர்ந்ததே யாரோ எடுத்துப் பரப்பியதால்தான். ராத்திரி பதினோரு மணிக்கு வெறுமனே பேச அழைப்பவர்களும் உண்டு. அதற்காகத் தனி நம்பர் வைத்துக்கொள்வது நல்லது.

போட்டிக்கு அனுப்பும் படத்தில் மட்டும் எதுவும் போடுவதில்லை. பல போட்டிகளில் வாட்டர்மார்க் இருந்தாலே தள்ளிவிடுவார்கள். முடிவு வரும்வரை அந்தப் படங்கள் வேறெங்கும் ஏறாது.