முடியாத நாவலும் முதல் வாசகரும்: கூகுள் டாக்ஸ் பற்றி ஒரு மதிப்புரை

எழுதி முடிக்காத கதையை வாழ்க்கைத் துணையிடம் வாசிக்கக் கொடுத்துக் கருத்துக் கேட்பதற்கு, இணையத்திலேயே எழுதிப் பிறரோடு பகிர உதவும் கூகுள் டாக்ஸ் எந்த அளவுக்கு உதவும் என்பதை மட்டுமே இந்த மதிப்புரையில் பேசப்போகிறேன். அலுவலக அறிக்கைக்கும் கல்லூரிப் பாடக்குறிப்புக்கும் அது எப்படிப் பயன்படும் என்று ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓரளவு உருவம் பெற்றுவிட்ட இரண்டாவது வரைவுக்கு, இதைவிட வசதியான இலவசக் கருவி எதையும் நான் பயன்படுத்தியதில்லை. பச்சையான முதல் வரைவை மட்டும் இதில் கொடுக்காதீர்கள். உங்கள் கணவரோ மனைவியோ எவ்வளவு நல்ல வாசகராக இருந்தாலும், இந்தக் கருவி அவரைப் பிழைதிருத்துபவராக மாற்றிவிடும்.

என் நாவல் 1990களின் தண்டையார்பேட்டையில், தண்ணீர் லாரிக்காகக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருக்கும் குடித்தனங்களுக்கு நடுவே நடக்கிறது; இன்னும் முடியவில்லை. நான் மடிக்கணினியில் தமிழ்99 விசைப்பலகையில் எழுதுகிறேன். என் கணவர் குரோம்பேட்டையில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை நிலையத்தில் இறங்கி, பாரிமுனையில் உள்ள ஒரு வங்கிக்குப் போகிறார். ஏறக்குறைய முக்கால் மணி நேரம் நீளும் அந்தப் பயணத்தில்தான் அவர் என் அத்தியாயங்களைக் கைப்பேசியில் வாசிக்கிறார் என்பதால், கீழே சொல்வதில் பாதி கணினிக்கும் பாதி கைப்பேசிச் செயலிக்கும் பொருந்தும்.

கோப்பைப் பகிரும்போது மூன்று விதமான அனுமதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வியூவர் என்றால் வாசிக்க மட்டுமே முடியும்; கமென்டர் என்றால் வாசித்துக் கமெண்ட் எழுதலாம்; எடிட்டர் என்றால் நம் வாக்கியத்தையே மாற்றலாம். கணவன் மனைவிக்குள் என்ன ஒளிவுமறைவு என்று எடிட்டர் அனுமதியைக் கொடுத்துவிடுகிறவர்கள் உண்டு. அப்படிக் கொடுத்தால் அவருக்கு வெர்ஷன் ஹிஸ்டரியும் திறந்துவிடும், அதாவது நீங்கள் எழுதி வெட்டித் தள்ளிய பத்திகளையெல்லாம் தேதிவாரியாக அவரும் புரட்டிப் பார்க்கலாம். அந்தப் பத்திகளை வெட்டியதற்குக் காரணம் இருந்திருக்கும், அந்தக் காரணங்களில் சில வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கும். கமென்டருக்கு இந்த வரலாறு தெரியாது என்பதால் அந்த அனுமதியே போதும்.

ஆனால் கமென்டர் அனுமதியோடு 2014இல் அறிமுகமான சஜஷன் வசதியும் சேர்ந்தே வருகிறது, இரண்டையும் பிரித்துக் கொடுக்க வழி இல்லை. வாசிப்பவர் ஒரு சொல்லை அடித்துவிட்டு வேறொன்றை எழுதினால், அடித்தது கோடிட்டும் புதியது வண்ணத்திலும் தெரியும். எழுதியவர் ஒவ்வொன்றாக ஏற்கலாம் அல்லது தள்ளலாம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு இது எப்படியோ, தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் தனி ஆபத்து ஒன்று இருக்கிறது, அதன் பெயர் ஒற்று. பள்ளியில் தமிழாசிரியரிடம் பாராட்டு வாங்கிய எவரும், வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகாமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள். ஒரு பெண் தன் தாலிக்கொடியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு தெருவில் இறங்கும் பக்கத்தில், அவள் எங்கே போகிறாள், ஏன் போகிறாள் என்ற கேள்வி ஒன்றுகூட இல்லாமல், க், ச், த், ப் என்று பச்சை நிறத்தில் வரிசையாகப் பூத்திருந்ததைப் பார்த்தபோது, ஒரு வாசகரை இழந்து ஓர் இலவசப் பிழைதிருத்துநரைப் பெற்றிருக்கிறேன் என்று புரிந்தது. அவர் போட்ட ஒற்றுகள் எல்லாமே சரியாகத்தான் இருந்தன என்பது வேறு விஷயம்.

அவரை மட்டும் குறை சொல்வதற்கில்லை, இது கருவியின் இயல்பும்கூட. டாக்ஸில் குறிப்புகளைப் பெரும்பாலும் ஒரு சொல்லோடோ வரியோடோ ஒட்டித்தான் வைக்கிறோம். மூன்றாம் அத்தியாயம் முழுக்க ஏதோ ஓட்டமில்லாமல் இருக்கிறது என்று ஒருவருக்குத் தோன்றினால், அந்த எண்ணத்தை எந்த வரியில் ஒட்டுவார்? ஒட்ட இடமில்லாத கருத்து பெரும்பாலும் சொல்லப்படாமலே போய்விடுகிறது, ஒட்டுவதற்கு வசதியான சின்னக் குறைகளே பக்கத்தை நிறைக்கின்றன. இதற்கு நான் கண்ட வழி எளிமையானது. ஒவ்வோர் அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு காலி வரி விட்டு, 'எங்கே அலுத்தது, யாரை நம்பவில்லை' என்று இரண்டு கேள்விகளை எழுதி வைக்கிறேன். அந்த வரியில் ஒட்டப்படும் கமெண்ட்டுகள்தான் இதுவரை எனக்கு அதிகம் உதவியவை.

கமெண்ட் வசதி எவ்வளவு பயனுள்ளது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. என் கதாநாயகி சேட்டுக் கடையில் நகையை வைத்துப் பணம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். வரும் வழியில் அவள் மனம் படும் பாட்டை ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். நகைக் கடன் பிரிவில் நெடுங்காலம் உட்கார்ந்த என் கணவர், 'பணத்தை' என்ற ஒரே சொல்லைத் தேர்ந்தெடுத்து இப்படிக் கமெண்ட் எழுதியிருந்தார்: "அடகுச் சீட்டு எங்க? சீட்டு வாங்காம எந்தப் பொம்பளையும் கடைப் படியை விட்டு இறங்க மாட்டா. வாங்கிட்டான்னா அதை எங்க ஒளிச்சு வெச்சா?" அந்தச் சீட்டு அரிசி டின்னுக்குள் போனது, மாமியார் கையில் சிக்கியது, அடுத்த இரண்டு அத்தியாயங்கள் அதிலிருந்தே பிறந்தன. சாப்பாட்டு நேரத்தில் வாய்வார்த்தையாகக் கேட்டிருந்தால் நான் உடனே ஏதாவது பதில் சொல்லி வாயடைத்திருப்பேன். எழுத்தில் வந்த கேள்விக்கு உடனே பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை, அது ஓரத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

ஒவ்வொரு கமெண்ட்டுக்கும் நேரம் பதிவாவது இன்னொரு பயன். பல்லாவரத்திலும் மீனம்பாக்கத்திலும் அடுத்தடுத்து வந்த கமெண்ட்டுகள் கிண்டிக்குப் பிறகு நின்றுவிட்டால், அங்கே கதை தொய்ந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம் வரும். மாலையில் கேட்டால், "மாம்பலத்துல கூட்டம் இறங்கினப்புறம்தான்மா கையையே நீட்ட முடிஞ்சுது" என்பார். ஆகவே நேரத்தை ஒரு தடயமாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நீங்கள் எழுதிக்கொண்டிருக்கும் அதே கோப்பைக் கொடுப்பதா, அதன் நகலைக் கொடுப்பதா என்பது இதில் முக்கியமான கேள்வி. அதே கோப்பைக் கொடுத்தால், அவர் வாசித்துக்கொண்டிருக்கும்போதே நீங்கள் அந்தப் பத்தியை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். அவர் கமெண்ட் ஒட்டிய வரியை நீங்கள் நீக்கிவிட்டால், அந்தக் கமெண்ட் பக்கத்தின் ஓரத்திலிருந்து மறைந்து, கமெண்ட் வரலாற்றில் போய்த் தேடினால்தான் கிடைக்கும். இருவரும் ஒரே நேரத்தில் கோப்பைத் திறந்திருந்தால் மேலே அவருடைய வட்டப் படம் தெரியும். அடுத்த அறையில் ஒருவர் நம் கதையை இந்த நிமிடம் வாசித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தபின் ஒரு வரியும் ஓடாது. போதாக்குறைக்கு ஒவ்வொரு கமெண்ட்டுக்கும் மின்னஞ்சல் அறிவிப்பு வேறு வரும், ரசத்துக்குத் தாளிக்கும் நேரத்தில் "இவன் ஏன் இப்படிப் பேசறான்?" என்று கைப்பேசி அதிர்வது யாருக்கும் நல்லதல்ல. அறிவிப்பைக் கோப்புவாரியாக நிறுத்தும் வசதி இருக்கிறது. ஆகவே முதலில் 'மேக் எ காப்பி' கொடுத்து, நகலுக்குத் தேதியைப் பெயராக வைத்து, அதில் அறிவிப்பை நிறுத்திவிட்டு, அதை மட்டும் பகிருங்கள்.

இனி எந்தக் கருவியாலும் தீராத ஒரு சிக்கலைச் சொல்கிறேன். துணைவர் வாசகராகும்போது, கதையில் வரும் கணவன் எத்தனை சதவீதம் தான் என்று கணக்குப் பார்ப்பதைத் தவிர்க்கவே முடியாது. மாமியாரின் ஒரு வசனத்துக்குப் பக்கத்தில் "இது அம்மா பேசற மாதிரியே இருக்கே" என்று வந்தது. "இல்லைங்க, இது எல்லா மாமியாரும் பேசறதுதான்" என்று பதில் எழுதினேன். அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல், பேச்சு முடிந்தது என்று கமெண்ட்டை மூடும் ரிசால்வ் பொத்தானை அழுத்திவிட்டார். இப்படிப்பட்ட கேள்வி நேரில் எழுந்தால் அரை மணி நேரம் ஓடும், டாக்ஸில் இரண்டு வரியில் முடிந்தது. முடிந்ததா, ஒத்திவைக்கப்பட்டதா என்பதை இந்தக் கருவி சொல்லாது. எழுத்து வடிவம் சில பேச்சுகளைச் சுருக்கிவிடுகிறது, அந்தச் சுருக்கம் எனக்கு வசதியாகவே இருக்கிறது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

முதல் வரைவுக்கு வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்றால், அந்தக் கட்டத்தில் நமக்குத் தெரிய வேண்டியது கதை நிற்கிறதா என்பது ஒன்றுதான். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங், எழுத்துக்கலை பற்றி 2000இல் வெளியிட்ட தன் நூலில், முதல் வரைவைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதச் சொல்கிறார். அவ்வளவு கண்டிப்பு நமக்கு ஒத்துவராது. நம் வார இதழ்களில் தொடர்கதை எழுதியவர்கள் பாதிக் கதையை ஊருக்கே காட்டிக்கொண்டுதான் மீதியை எழுதினார்கள். காட்டுவதில் தவறில்லை, எதில் காட்டுகிறோம் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். முதல் வரைவைத் திருவல்லிக்கேணியிலோ சேப்பாக்கத்திலோ ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து, ஏ4 தாளில், ஒரு பக்கம் மட்டும், பெரிய எழுத்தில், ஓரத்தில் தாராளமாக இடம் விட்டு அச்சிட்டு, ஸ்பைரல் பைண்டிங் போட்டு வாங்கிக் கொடுத்துவிடுங்கள். தாளில் ஒற்றுப் பிழையைத் திருத்த மனம் வந்தாலும் கை சோம்பல்படும். பக்கத்தை மடித்து வைப்பதும், ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடுவதும் மட்டுமே நடக்கும், முதல் வரைவுக்கு அவ்வளவு போதும். தவிர, அந்தப் பிரதி சாப்பாட்டு மேசையில் எந்தப் பக்கத்தில் குப்புறக் கவிழ்ந்து கிடக்கிறது என்பது ரயில் நேரத்தைவிட நம்பகமான செய்தி.

கைப்பேசியில் வாசிப்பவருக்கு ஒரு குறிப்பு. செயலியில் 'பிரிண்ட் லேஅவுட்' இயங்கிக்கொண்டிருந்தால் முழுப் பக்கமும் திரைக்குள் சுருங்கி, எழுத்து கடுகாகிவிடும். அதை நிறுத்திவிட்டால் வரிகள் திரை அகலத்துக்கு மடங்கி வரும். நீண்ட வாசிப்புக்கு நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துரு கண்ணை உறுத்தவில்லை. கட்டமரன், பவனம் போன்றவை தலைப்புக்கு அழகாக இருக்கின்றன, பத்திக்கு நான் பயன்படுத்துவதில்லை.

செலவு ஒன்றும் இல்லை. கணக்கோடு வரும் 15 ஜிபி இலவச இடம் ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் எல்லாவற்றுக்கும் பொது என்றாலும், படமில்லாத நாவல் அதில் சிறு மூலையைக்கூட நிறைக்காது. ஒரு கோப்பு 10.2 லட்சம் எழுத்துக்குறிகள் வரை தாங்கும் என்பதால், பல தலைமுறைக் குடும்பக் கதை எழுதுகிறவர்கள்கூட அந்த எல்லையைத் தொடுவது கடினம். பகிரும்போது 'இணைப்பு உள்ள எவரும்' என்பதைத் தேர்ந்தெடுக்காமல், துணைவரின் மின்னஞ்சல் முகவரியை மட்டும் சேருங்கள். கமென்டர்களும் வியூவர்களும் கோப்பைப் பதிவிறக்கவோ அச்சிடவோ நகலெடுக்கவோ முடியாதபடி செய்யும் வசதியும் அங்கேயே இருக்கிறது. எவரும் திறக்கும் இணைப்பாக இருந்தால், அவர் அதை நல்ல எண்ணத்தோடுதான் யாருக்காவது அனுப்புவார். ஆனால் அந்த இணைப்பு குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்தால், மதுரையில் இருக்கும் சித்தி உங்கள் ஐந்தாம் அத்தியாயத்துக்கு முடிவு சொல்லத் தொடங்கிவிடுவார்.

வீட்டில் இருவரும் ஒரே கூகுள் கணக்கைப் பயன்படுத்துகிறவர்களாக இருந்தால், இதில் எதுவுமே சரிவராது. எல்லாக் கமெண்ட்டும் ஒரே பெயரில் விழும், அனுமதிகளுக்கும் பொருள் இருக்காது. முதலில் துணைவருக்கென்று தனிக் கணக்கு ஒன்றைத் தொடங்கிக் கொடுங்கள். ஒரு சுற்று வாசிப்பு முடிந்ததும் பகிர்வுப் பட்டியலிலிருந்து அவர் பெயரை நீக்கிவிட்டு, அவரிடம் அதைச் சொல்லியும் விடுங்கள். சொல்லாமல் நீக்கினால் அடுத்த நாள் காலை ரயிலில் கோப்பைத் திறக்கும்போது அனுமதி கேட்கச் சொல்லும் பக்கம்தான் அவருக்கு வரும், அந்தக் கோரிக்கை உங்கள் மின்னஞ்சலுக்கு வந்து சேரும் நேரத்தில் நீங்கள் ஆறாம் அத்தியாயத்தின் நடுவில் இருப்பீர்கள்.