புல்லாக விடுவதா, வேலி போடுவதா? அமெரிக்கப் புல்வெளி விவசாயிக்கு மூன்று திட்டங்கள்

வடக்கு, தெற்கு டகோட்டா மாநிலங்கள் பக்கம் நிலமும் மாடும் வைத்திருப்பவர் மண்ணைக் காக்க அரசு உதவி கேட்டுப் போனால், அமெரிக்க வேளாண் துறையில் முக்கியமாக மூன்று கதவுகள் இருக்கின்றன: நிலத்தை ஒதுக்கி வைக்கும் சிஆர்பி (CRP), பண்ணை மேம்பாட்டு வேலைகளுக்குச் செலவில் பங்கு தரும் ஈக்விப் (EQIP), நல்ல பராமரிப்புக்கு ஆண்டுத்தொகை தரும் சிஎஸ்பி (CSP).

சிஆர்பி 1985 வேளாண் சட்டத்தில் வந்தது. பயிர் வைத்த நிலத்தில் புல் விதைத்து 10 முதல் 15 வருடம் உழாமல் விட்டால் ஆண்டுதோறும் வாடகை வரும். விதைப்புச் செலவிலும் பாதி வரை கிடைக்கும். மழை பொய்த்தாலும் வரும் பணம் என்பதே இதன் பெரிய ஈர்ப்பு. ஆனால் நடுவில் விலகினால் வாங்கிய வாடகையை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும், அபராதமும் உண்டு. 2007-இல் 3.6 கோடி ஏக்கருக்கு மேல் இதில் இருந்தது. அப்புறம் மக்காச்சோளம் விலை ஏறியது. ஒப்பந்தம் முடிந்த பலர் புதுப்பிக்காமல் உழுதுவிட்டார்கள். வாத்துகள் கூடு கட்டிய குட்டைகளைச் சுற்றியிருந்த புல்லும் அதோடு போனது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விளைச்சல் தரும் பணத்துக்குப் பக்கத்தில்கூட அந்த வாடகை வரவில்லை.

முழுப் பண்ணையையும் சிஆர்பியில் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. நிலம் மொத்தமாக ஒதுங்கினால் புதிதாக விவசாயத்துக்கு வரும் இளைஞருக்குக் குத்தகைக்கு நிலம் கிடைக்காது, ஊரில் விதைக்கடையும் உரக்கடையும் படுத்துவிடும். ஒரு கவுண்டியின் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பயிர்நிலத்தில் பொதுவாக 25 சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. களர் படிந்த மூலை, தண்ணீர் தேங்கும் ஓரம், இவற்றை மட்டும் கொடுங்கள். எப்படியும் அங்கே போட்ட விதைக்காசுகூடத் திரும்பாது.

மாடு வைத்திருப்பவருக்கு என் தேர்வு ஈக்விப்தான். மேய்ச்சல் நிலத்தைப் பிரிக்கும் வேலி, குடிநீர்க் குழாய், தொட்டி, மூடுபயிர் (மண்ணை மூடிக் காக்க விதைக்கும் பயிர்) எல்லாவற்றுக்கும் செலவில் 75 சதவீதம் வரை தருகிறார்கள். புதிய விவசாயிகளுக்கும் முன்னாள் படைவீரர்களுக்கும் 90 வரை. நிலம் உங்கள் பிழைப்பிலேயே இருக்கும். சிக்கல் கைக்காசில்: வேலையை முடித்துக் காட்டிய பிறகுதான் பணம் வரும். புதியவர்கள் கேட்டால் பாதியை முன்பணமாக வாங்கலாம், கட்டாயம் கேளுங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் ஒரு கம்பம்கூட நடாதீர்கள். முன்பே தொடங்கிய வேலைக்குப் பணம் கிடையாது.

சிஎஸ்பி, மண் பராமரிப்பை ஏற்கெனவே நன்றாகச் செய்பவருக்கு. பண்ணை முழுவதையும் சேர்க்க வேண்டும், 5 வருட ஒப்பந்தம். ஆண்டுக்கான குறைந்தபட்சத் தொகையை 2024-இல் 1,500-இலிருந்து 4,000 டாலராக உயர்த்தினார்கள். சிறு பண்ணைக்கு அதற்குப் பிறகுதான் இது விண்ணப்பிக்கத் தகுந்ததாக ஆனது.

சிஆர்பி முடியும் தறுவாயில், வயதாகி ஓய்வு பெற நினைக்கும் நில உரிமையாளர்களுக்கு ஒன்று: அந்த நிலத்தைப் புதிய விவசாயிக்கு விற்றாலோ நீண்டகாலக் குத்தகைக்கு விட்டாலோ, மேலும் 2 ஆண்டு வரை வாடகை உங்களுக்குத் தொடரும்.