பனி நாடும் கோட்டை வாசலும்: இளையோர் மிகுபுனைவுக்கு இரண்டு களங்கள்

சென்ற ஆண்டு இறுதித் தவணை விடுமுறையில், திருகோணமலையில் நாங்கள் சிலர் நடத்தும் சனிக்கிழமை வாசிப்பு வட்டத்துக்கு இரண்டு சீ.ஆர். கொப்பிகள் வந்து சேர்ந்தன. ஒன்றில், உயர்தர வகுப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்த ஒரு மாணவன், பனி மூடிய மலைகளுக்கு நடுவே இருக்கும் ஓர் இராச்சியத்தின் கடைசி இளவரசனைப் பற்றி நாற்பது பக்கங்கள் எழுதியிருந்தான். மற்றையதில், அவனைவிட ஒரு வயது இளைய மாணவி, பிரெட்ரிக் கோட்டை வாசலால் நுழைந்து கோணேசர் கோயிலுக்கு ஏறும் வீதியில் நிழல் விழாத ஒரு மானைக் கண்ட பெண்ணைப் பற்றிப் பதினொரு பக்கங்கள் எழுதியிருந்தாள். இருவரும் கேட்டது ஒரே கேள்விதான்: ஃபேன்டசி, அதாவது மிகுபுனைவு, எழுத விரும்பும் ஒருவர் எங்கும் இல்லாத ஒரு தேசத்தை அடியிலிருந்து கட்ட வேண்டுமா, அல்லது தான் வளர்ந்த ஊருக்குள் மாயத்தை நுழையவிட வேண்டுமா?

முதலாவதை ஆங்கில எழுத்தாளர் ஜே. ஆர். ஆர். டோல்கீன் 1939 இல் ஆற்றிய விரிவுரையொன்றில் 'இரண்டாம் உலகம்' என்று குறிப்பிட்டார். 2008 இல் ஆய்வாளர் ஃபாரா மெண்டில்சன், மாயம் எந்த வழியால் கதைக்குள் வருகிறது என்பதை வைத்து மிகுபுனைவை நான்காக வகுத்தார்: ஒரு வாசலைக் கடந்து வேற்றுலகுக்குச் செல்வது, தொடக்கம் முதலே வேற்றுலகில் மூழ்கியிருப்பது, மாயம் நம் உலகுக்குள் ஊடுருவுவது, மாயமா இல்லையா என்ற விளிம்பிலேயே கதை நின்றுவிடுவது. இவற்றுள் வாசல் கதையை நான் இங்கு ஒதுக்கிவிடுகிறேன். புதிதாக எழுதுகிறவர்களின் கையில் அது பெரும்பாலும் இரண்டு வேலைகளிலிருந்தும் தப்பிக்கும் வழியாகிவிடுகிறது. புறப்படும் ஊரும் பாதி, போய்ச் சேரும் நாடும் பாதி. விளிம்புக் கதை முதல் நாவலுக்கு உகந்ததல்ல. எஞ்சும் இரண்டுமே அந்த இரு கொப்பிகளிலும் இருந்தன.

இது எங்கள் ஊருக்குப் புதிய கேள்வியும் அல்ல. 1891 இல் திருகோணமலை இன்னாசித்தம்பி 'ஊசோன் பாலந்தை கதை'யை வெளியிட்டபோது, கரடியிடம் வளர்ந்த ஒருவனும் அரண்மனையில் வளர்ந்த அவனுடைய இரட்டைச் சகோதரனும் வரும் ஐரோப்பிய இடைக்கால வீரகதையொன்றையே தழுவினார். 1895 இல் 'மோகனாங்கி'யை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையும் திருகோணமலைக்காரர்தான், ஆனால் அவருடைய நாவல் தமிழகத்து நாயக்கர் காலத்தில் நிகழ்கிறது. இலங்கைத் தமிழ் நாவலின் முதல் வரிசையில் நிற்கும் எங்கள் ஊரவர் இருவரும் கதைக்காகக் கடல் கடந்தே போயிருக்கிறார்கள். ஆகவே பனி நாட்டுக்குப் போன மாணவனை நான் குறைசொல்லத் துணியவில்லை.

அவனுடைய கொப்பியில் பனி ஏராளமாகப் பெய்தது. ஆனால் ஒரு விரல்கூட விறைக்கவில்லை. அவன் பனியைக் கண்டதில்லை. டப்பிங் படங்களிலும், கைத்தொலைபேசியில் வாசித்த ஆங்கில நாவல்களிலும் கண்டதை அவன் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். எனினும் இருபத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம் என்னை நிறுத்தியது: போரில் தோற்று ஊர் திரும்பும் இளவரசன், தன்னை ஒளித்துவைக்கச் சம்மதித்த ஏழைக் கிழவியின் வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் நின்று காலைக் கழுவுகிறான். இதை வட்டத்தில் வாசித்தபோது மான் கதை எழுதிய மாணவி உடனே கேட்டாள்: "அங்க தண்ணியெல்லாம் உறைஞ்சுதானே கிடக்கும்? அவன் எதில கால் கழுவினவன்?" எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். ஆனால் நாற்பது பக்கங்களிலும் உயிரோடு இருந்த வாக்கியம் அதுவே. இரண்டாம் உலகம் வெறும் வெளியில் கட்டப்படுவதில்லை என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்றை நான் வகுப்பெடுத்துச் சொல்லியிருக்க முடியாது.

புனைந்த நாட்டின் மிகப்பெரிய செலவு மொழியில் வருகிறது. அமெரிக்க மிகுபுனைவு எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1973 இல் எழுதிய கட்டுரையொன்றில், மிகுபுனைவுக்குச் சாய்ந்துகொள்ள வரலாறோ நிகழ்கால நிஜமோ இல்லாததால் அதன் உலகைத் தாங்குவது நடை மட்டுமே என்றும், பாத்திரங்களின் பெயர்களை மாற்றினால் ஏதோவொரு நகரத்து அரசியல்வாதிகளின் உரையாடலாகிவிடும் எழுத்து மிகுபுனைவே அல்ல என்றும் வாதிட்டார். ஆங்கிலத்துக்கு அது சரி. தமிழில் சிக்கல் எதிர்த்திசையிலும் இருக்கிறது: நடையைச் சற்று உயர்த்தினால் போதும், 'அடியேன்', 'ஐயகோ' என்று இராசா ராணி நாடகத்தின் திரைச்சீலை விழத் தொடங்கிவிடுகிறது. பேச்சுத் தமிழுக்கு இறங்கினாலோ, வாயைத் திறந்ததும் பாத்திரத்தின் ஊர் தெரிந்துவிடுகிறது. 'எண்டு' என்று சொல்லும் டிராகன் எந்தப் பனிமலையில் வாழ்ந்தாலும் எங்கள் பக்கத்து ஆள்தான். புனைந்த நாட்டுக்கு நான் பரிந்துரைப்பது குறுகிய வாக்கியங்களாலான, அலங்காரமற்ற எழுத்துத் தமிழ். பெயர்களுக்கு வடக்கு ஐரோப்பிய ஓசைகளைத் தேடுவதைவிட, மீகாமன், வங்கம், நுளையர், கழி போன்று தமிழிலேயே பாதி மறந்துபோன சொற்களை எடுத்தாளலாம். அவை வாசகருக்கு அந்நியமாகவும் அதே வேளை உறவாகவும் ஒலிக்கும்.

சொந்த ஊர்க் கதைக்கு இந்தச் செலவு இல்லை. எடுத்துரைப்பு எழுத்துத் தமிழிலும் உரையாடல் ஊர்ப் பேச்சிலும் இயல்பாகப் பிரிந்துகொள்கின்றன. மாணவியின் தொடக்கத்தை அவள் அனுமதியோடு தருகிறேன்: "கோட்டை மதிலோரம் நின்ற மான் யாரோ போட்ட வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டிருந்தது. பின்னேர வெயில் மதிலின் நிழலையும் என்னுடைய நிழலையும் வீதிக்குக் குறுக்கே நீட்டியிருந்தது. மானுக்குக் கீழே மட்டும் தார் மினுங்கியது."

மூன்று வாக்கியங்கள், மாயம் வந்துவிட்டது. இதே காட்சியைப் புனைந்த நாடொன்றுக்கு மாற்றி எழுதிப் பார்த்தேன். படைவீரர் தங்கியிருக்கும் கோட்டைக்குள் காட்டு மான்கள் ஏன் தடையின்றி உலாவுகின்றன, அந்தக் கோட்டையின் ஊடாகப் பொதுமக்கள் ஏன் கோயிலுக்குப் போகிறார்கள், கோயில் ஏன் கடல்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் உச்சியில் இருக்கிறது என்பவற்றை விளக்குவதற்கே ஒன்றரைப் பக்கம் போய்விட்டது. நிழல் இல்லாத மான் வந்தபோது வாசகர் ஏற்கெனவே களைத்திருப்பார்.

ஆனால் இந்தச் சிக்கனம் ஊரறிந்த வாசகருக்கு மட்டுமே செல்லும். கோயம்புத்தூரில் இருந்து வாசிக்கும் ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கோட்டைக்குள் மான் நிற்பதே மாயமாகத் தோன்றலாம். நிழல் இல்லாமை அவருக்கு இரண்டாவது அதிசயமாகிவிடும், அதன் கூர்மை மழுங்கிவிடும். ஊடுருவல் கதையின் விசை, எது வழமை எது வழமையல்ல என்ற கோடு தெளிவாக இருப்பதில் தங்கியிருக்கிறது. எங்கள் ஊரில் அந்தக் கோடு ஏற்கெனவே வளைந்துதான் கிடக்கிறது: போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் தூண்களை 1956 இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும், கோயில் நிற்கும் சுவாமிமலைப் பாறையின் அடிக் கடலில் மூழ்கிக் கண்டார்கள். ஊருக்கு அருகேயுள்ள கன்னியாவில் சில அடி தூரத்துக்குள் ஏழு வெந்நீர்க் கிணறுகள் ஏழு வெவ்வேறு சூட்டில் ஊறுகின்றன. வெளியூர் வாசகருக்காக, மாயத்துக்கு முன் ஒரு சாதாரண மானையும் காட்டிவிடு என்று மாணவிக்குச் சொன்னேன். அவள் அதை ஏற்கவில்லை. கதை எங்களுக்குத்தானே என்றாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது.

சொந்த ஊரின் உண்மையான விலை வேறிடத்தில் இருக்கிறது: அங்கே எழுத்தாளர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். கன்னியாக் கிணறுகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிணறும் ஒரு கேள்விக்கு விடை சொல்லும், ஒவ்வொரு விடைக்கும் ஒரு நினைவைப் பறித்துக்கொள்ளும் என்று ஒரு விதியை அமைப்பது எவருக்கும் ஐந்து நிமிட வேலை. ஆனால் இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்த இடம் என்று நம்பி, இறந்தவர்களுக்கான கடன்களைச் செய்யக் குடும்பங்கள் இன்றும் வரும் இடம் அது. யாருக்கு உரியது என்ற சர்ச்சையும் ஓயாத இடம். அதேபோல, குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் பூதங்களைக் கொண்டு கந்தளாய்க் குளத்தைக் கட்டுவித்தான் என்ற செவிவழிக் கதை இளையோர் மிகுபுனைவுக்கென்றே பிறந்தது போலிருக்கும். ஆனால் 1986 ஏப்பிரலில் அந்த அணை உடைந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பூதம் கட்டிய அணை என்று எழுதுகிறவர், அன்றைக்கு அந்தப் பூதங்கள் எங்கே போயின என்ற கேள்விக்கும் கதைக்குள் இடம் ஒதுக்க வேண்டும். ஒதுக்கினால் அது பெரிய நாவலாகலாம். ஒதுக்காமல் விடுவது, அந்த அணைக்குக் கீழே வீட்டைப் பறிகொடுத்தவரின் முன் கதை சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பாராமல் எழும்பிப் போவது போன்றது.

புனைந்த நாட்டுக்கான மிக வலுவான வாதம் இங்கேதான் பிறக்கிறது என்று நினைக்கிறேன். 2004 ஆழிப்பேரலையைப் பற்றிக் கிண்ணியாவிலும் மூதூரிலும் உள்ள இன்றைய பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குச் சொந்த நினைவு கிடையாது; ஆனால் அது நடந்த வீடுகளில் அவர்கள் வளர்கிறார்கள். கடல் விழுங்கிய நகரத்தைப் பற்றி அவர்கள் எழுத விரும்பினால், உண்மையான கடற்கரையின் பெயரைப் போட்டு அந்த அலைக்கு ஒரு மந்திரக் காரணத்தைச் சொல்வது தாங்க முடியாததாகிவிடும். இல்லாத நகரத்தில், இல்லாத கடலில், அந்தத் துக்கத்தை முழு அளவில் எழுதலாம். துயரத்தை அப்படித் தொலைவில் வைத்து எழுதுவதைத் தப்பியோடுதல் என்று சொல்லும் பெரியவர்களை நான் சந்தித்திருக்கிறேன். ஒரு போட்டியின் நடுவர்கள் இத்தகைய கையெழுத்துப் பிரதியொன்றைச் 'சின்னப்பிள்ளைக் கதை' என்று எழுதித் திருப்பி அனுப்பியதும் எனக்குத் தெரியும். அவர்கள் அதன் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டி வாசித்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

மாயத்தின் விதி என்று வரும்போது இரண்டு களங்களுக்கும் வேறுபாடு குறைவு. இரண்டும் மணிமேகலையிடம் கற்கலாம். இளவரசன் ஒருவனிடமிருந்து தப்ப வேண்டிய இளம்பெண்ணுக்கு, கடலுக்கு அப்பால் ஒரு தீவில், வேற்றுருக் கொள்ளவும் வான்வழி செல்லவும் பசி ஒழிக்கவும் மூன்று மந்திரங்கள் கிடைக்கின்றன; எடுக்க எடுக்கக் குறையாத ஒரு பாத்திரமும் கிடைக்கிறது. அந்த ஆற்றலுக்கான விலையைக் காப்பியம் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை. அவள் காயசண்டிகை என்ற பெண்ணின் உருவை எடுக்கிறாள். காயசண்டிகையின் கணவன் அவளைத் தன் மனைவியென்றே எண்ணுகிறான். அதனாலேயே அவன் கையால், அவளைத் தேடிவந்த இளவரசன் உதயகுமாரன் வெட்டுண்டு சாகிறான். காப்பாற்றிய மந்திரமே கொன்றும்விடுகிறது. மாணவனின் இளவரசன் தீயை வரவழைக்கும்போதெல்லாம் களைப்படைகிறான்; அந்தக் களைப்பு அடுத்த பந்தியிலேயே நீங்கிவிடுகிறது. மாணவியின் மான் கதையில் நிழலைத் தொலைத்த உயிர்களை அவற்றின் தாய்க்கு அடையாளம் தெரியாது. விதி ஒன்றே, அதுவும் பாதி வாக்கியத்தில். ஆனால் அதைக் கேட்டதும் வட்டத்தில் எவரும் பேசவில்லை.

பிரசுரப் பக்கத்தை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் இந்த வகை பெரும்பாலும் தொடர்களாக வருவதைப் பார்த்து, எங்கள் பிள்ளைகளும் மூன்று பாகம், ஐந்து பாகம் என்று திட்டமிடுகிறார்கள். ஆனால் இங்கே எழுதியவரே பணம் போட்டு அச்சிட்டு, வெளியீட்டு விழாவில் உறவினருக்கும் ஆசிரியர்களுக்கும் விற்கும் வழக்கமே பரவலாக உள்ளது. இரண்டாம் பாகம் அச்சேறும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. வரைபடமும் வம்சாவளியும் கேட்கும் புனைந்த நாடு பக்கங்களை விழுங்கும். ஒரே நூலில் முடிய வேண்டுமென்றால் சொந்த ஊர்க் களம் தெளிவாக மலிவானது.

எனவே அந்த இருவருக்கும் நான் சொன்ன விடை ஒன்றாக இருக்கவில்லை. மாணவியிடம், கோட்டையிலேயே நில், ஆனால் கோயில் வாசலைத் தாண்டி மாயத்தைக் கொண்டுபோவதற்கு முன் உன் அம்மம்மாவிடம் வாசித்துக் காட்டு என்றேன். மாணவனிடம் ஊருக்குத் திரும்பு என்று சொல்லவில்லை. அவனுடைய கதை தோற்றுப்போன ஒரு குடியைப் பற்றியது. அதற்கு அவனுக்குத் தொலைவு தேவைப்பட்டது, அது ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. உனக்குத் தெரிந்த வெள்ளை எது என்று மட்டும் கேட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவன் புதிய கொப்பியோடு வந்தான். மலைகள் அப்படியே இருந்தன, வெண்மையும் இருந்தது. ஆனால் அவை இப்போது உப்பு மலைகள். நிலாவெளி உப்பளத்தைப் பார்த்து வந்து எழுதியிருக்கிறான். அந்த நாட்டில் உப்பு எல்லோருடைய குதிகாலையும் வெடிக்கச் செய்கிறது, நன்னீர் பொன்னைவிட அரிதாக இருக்கிறது. கிழவி தன்னிடமிருந்த கடைசிச் செம்புத் தண்ணீரை இளவரசனிடம் நீட்டுகிறாள், குடிப்பதற்கென்று. அவன் அதில் பாதியைக் குடித்துவிட்டு, மீதியால் வாசலில் நின்று அவளுடைய காலைக் கழுவுகிறான்.