மாதிரி ஒன்று, மாடிக்கு வந்தது வேறு: டபிள்யூபிசி பலகை வாங்குவோர் கவனத்துக்கு

திருவான்மியூரில் எங்கள் மொட்டைமாடியில் 150 சதுர அடிக்கு டபிள்யூபிசி டெக் (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகைத் தளம்) போட்டு ஏமாந்திருக்கிறேன்.

கடையில் காட்டிய மாதிரித் துண்டு அருமையாக இருந்தது. கரையான் அரிக்காது, தேக்கு மாதிரி வருஷா வருஷம் எண்ணெய் பூச வேண்டாம் என்றார்கள். முழுப் பணத்தையும் முன்னாடியே கொடுத்தேன் (என் புத்தி!). பிப்ரவரியில் ஆட்கள் வந்து ஒரே நாளில் அடித்துவிட்டுப் போனார்கள்.

கத்திரி வெயிலில் இரண்டு பலகைகள் வில் மாதிரி எழும்பின. ஐப்பசி மழைக்குப் பிறகு மேலெல்லாம் கரும்புள்ளியாகப் பூஞ்சை, சுவரோரம் வெட்டிய முனைகள் உப்பிவிட்டன. காபி நிறம் சாம்பலாகிவிட்டது. கடைக்காரருக்குப் போன் செய்தால், "கடல்காத்து சார், அப்படித்தான் இருக்கும். ஆயில் அடிச்சு விடுங்க" என்கிறார்! 10 ஆண்டு உத்தரவாத அட்டையைப் படித்தால், கரையானுக்கும் உளுத்துப்போவதற்கும் மட்டும்தான் பொறுப்பாம்.

அப்புறம்தான் அலமாரியில் கிடந்த மாதிரித் துண்டை எடுத்து மாடிப் பலகையின் முனையோடு வைத்துப் பார்த்தேன். மாதிரியைச் சுற்றிலும் வேறு நிறத்தில் மெல்லிய பிளாஸ்டிக் தோல் இருக்கிறது. மாடியில் இருப்பதில் அது இல்லை, மேலிருந்து கீழ்வரை ஒரே கலவை. விஷயமே அந்தத் தோலில்தான். இந்தப் பலகையில் ஏறக்குறைய பாதி மரத்தூள். மேற்பரப்பில் திறந்து கிடக்கும் தூள் வெயிலில் வெளுக்கும், தண்ணீர் குடிக்கும், பூஞ்சைக்கும் சோறு போடும். தோல் போர்த்தினால் வெயிலும் மழையும் தூளைத் தொடாது. ஆனால் வெட்டிய முனையில் தோல் இருக்காது, அங்கே மூடி போடச் சொல்ல வேண்டும்.

பொருத்தியதிலும் கோளாறு. இந்தப் பலகை வெயிலில் நீளவாக்கில் வளரும். 10 அடிப் பலகை உச்சி வெயிலில் சில மில்லிமீட்டர் நீளும். முனைக்கு முனை இடைவெளியே விடாமல் நெருக்கி அடித்தால் எங்கே போகும்? அடிச்சட்டங்களை 2 அடிக்கு ஒன்றாகப் போட்டதில் நடக்கும்போது தொய்கிறது. 1 அடிக்கு ஒன்று, மிஞ்சினால் 16 அங்குலம்.

என் பில்லில் 'டபிள்யூபிசி டெக்' என்று மட்டும் இருக்கிறது. தோல் போர்த்தும் முறைக்குப் பெயர் கோ-எக்ஸ்ட்ரூஷன். நீங்கள் 'கோ-எக்ஸ்ட்ரூஷன், நான்கு பக்கமும்' என்று எழுதி வாங்குங்கள். லாரியிலிருந்து இறக்கும்போதே முனையைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிவு செய்திருக்கிறேன். கடைக்காரர் நேற்று ஆள் அனுப்பி, "அந்த சாம்பிளைக் கொஞ்சம் குடுங்க சார், பாத்துட்டுத் தர்றோம்" என்றார். கொடுக்கவில்லை.