மூட்டுள்ளதா, மூட்டில்லாததா: 1954 காட்ஸில்லாவுக்கு எந்தப் பொம்மை பொருத்தம்?

1954-இல் வெளிவந்த முதல் ‘காட்ஸில்லா’ படத்தின் அரக்கனைச் சேகரிப்பில் சேர்க்க நினைப்பவர் பெரும்பாலும் இரண்டு பொம்மைகளுக்கு நடுவில்தான் தயங்கி நிற்பார். பண்டாய் நிறுவனத்தின் எஸ்.எச்.மான்ஸ்டர்ஆர்ட்ஸ் வரிசையில் வருவது ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் உயரமும், கழுத்து முதல் வால் நுனி வரை மூட்டுகளும் கொண்ட ஆக்‌ஷன் ஃபிகர். எக்ஸ்-பிளஸ் நிறுவனத்தின் 30 சென்டிமீட்டர் வரிசையில் வருவதோ, உள்ளே வெற்றிடமாக வார்க்கப்பட்டு ஒரே நிலையில் நிற்கும் சாஃப்ட் வினைல் பொம்மை.

படக்கதைப்படி அரக்கனின் உயரம் 50 மீட்டர். அந்தக் கணக்கில் முதலாவது சுமார் 333-இல் ஒரு பங்கு, இரண்டாவது சுமார் 167-இல் ஒரு பங்கு. உயரம் இரட்டிப்பானால் தட்டில் அடைக்கும் பரப்பு நான்கு மடங்காகும் என்பதை விற்பனைப் படங்கள் காட்டுவதில்லை. ஒரு தட்டில் நான்கு மான்ஸ்டர்ஆர்ட்ஸ் நிற்கும் இடத்தை எக்ஸ்-பிளஸ் ஒன்றே, வாலையும் சேர்த்து, எடுத்துக்கொள்ளும்.

ஆனால் உண்மையான வேறுபாடு தோலில் இருக்கிறது. அணுகுண்டுத் தாக்குதலில் உயிர்பிழைத்தவர்களின் தழும்புகளை நினைவூட்டும்படி அமைக்கப்பட்ட, ஒழுங்கற்ற மேடுபள்ளங்கள் நிறைந்த தோல் அது. எக்ஸ்-பிளஸ் பொம்மையின் தொடையை அருகிலிருந்து பார்த்தால், அந்த வரிகள் இடுப்பிலிருந்து முழங்கால் வரை அறுபடாமல் இறங்குவதும், நடிகர் அணிந்த ரப்பர் உடை மடங்கும் இடத்தில் இயல்பாகத் தொங்குவதும் தெரியும். மான்ஸ்டர்ஆர்ட்ஸில் அதே தொடையின் குறுக்கே மூட்டின் வட்டப் பிளவு ஓடுகிறது. காலை முன்னே நகர்த்தினால் இரு பக்க வரிகளும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகின்றன. செதுக்கல் நுணுக்கத்தில் சிறியது எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல என்றாலும், மூட்டுக்காக அந்த நுணுக்கத்தையே அங்கங்கே வெட்ட வேண்டியிருக்கிறது.

இந்த விலையைக் கொடுத்துப் பெறும் அசைவு இந்த அரக்கனுக்குத் தேவைதானா என்பதே என் கேள்வி. அரக்கனாக நடித்த ஹாருவோ நகாஜிமா அணிந்த உடை ஏறத்தாழ 100 கிலோ எடை கொண்டது. அதற்குள் அவரால் சில அடிகள் நடப்பதே பெரும்பாடாக இருந்தது. அந்தக் கனத்த நடைதான் படத்தின் அச்சமே. 1973-இல் வாலைத் தரையில் ஊன்றிப் பாய்ந்து உதைத்த காட்ஸில்லாவுக்கு (அந்தக் காட்சியின் நியாயத்தைப் பற்றி இங்கே பேச வேண்டாம்) மூட்டுகள் அவசியம்; 1954-இன் காட்ஸில்லாவுக்கு அவை பெரும்பாலும் வீண்.

நிறத்தை வைத்து இரண்டில் எதையும் ஒதுக்க முடியாது. படம் கறுப்பு-வெள்ளையில் எடுக்கப்பட்டதால், கரிச் சாம்பலா, சற்றே பழுப்பா என்பதைத் திரையைக் கொண்டு யாரும் தீர்மானிக்க இயலாது. உருவ அடையாளங்கள் அப்படியல்ல. காதுகளும் நான்கு கால்விரல்களும் 1954 உடைக்கு உரியவை. 1962-இன் உடையில் காதுகள் இல்லை, விரல்களும் மூன்றுதான். மலிவான பொம்மைகள் இவற்றைக் குழப்புவதுண்டு.

பராமரிப்பில் இரண்டுக்கும் தனித்தனித் தொல்லைகள். சாஃப்ட் வினைல் வெப்பத்தில் இளகிக் காலப்போக்கில் ஒருபக்கம் சாயக்கூடும். சாய்ந்த காலை வெந்நீரில் காட்டி, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் பிடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மான்ஸ்டர்ஆர்ட்ஸில் பெயின்ட் ஒட்டி இறுகிய மூட்டை அப்படியே திருகினால் உள்ளிருக்கும் மெல்லிய முளை முறிந்துவிடலாம். ஹேர் டிரையரால் சூடாக்கிய பிறகே அசைக்க வேண்டும். சாய்ந்ததை நிமிர்த்தலாம், முறிந்த முளையை ஒட்டிப் பழைய உறுதியைப் பெறுவது அரிது.

அமெரிக்க நிறுவனமான நெக்காவின் பொம்மைகளை மூன்றாவதாகக் கருதுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் 12 அங்குலம் என்பது தலையிலிருந்து வால் நுனி வரையிலான நீளம், உயரம் அதில் பாதியளவே. பண்டாயின் மூவி மான்ஸ்டர் வரிசை சிறுவர் கையாளுவதற்கு நல்லது. நுணுக்கத்தில் போட்டியில் இல்லை.

ஆகவே 1954 உருவம் ஒன்று மட்டும் போதும் என்பவருக்கு, இடமிருந்தால், எக்ஸ்-பிளஸையே பரிந்துரைப்பேன். பல காலகட்டத்து அரக்கர்களை ஒரே அளவில் வரிசையாக நிறுத்தவோ, வெவ்வேறு நிலைகளில் புகைப்படம் எடுக்கவோ விரும்புபவருக்கு மான்ஸ்டர்ஆர்ட்ஸ்தான் வழி. ஆனால் பிரபலமான மான்ஸ்டர்ஆர்ட்ஸ் பொம்மைகளுக்குப் போலிகள் உண்டு. அசலிலிருந்து அச்செடுத்த போலியில் படத்தைத் தயாரித்த தோஹோ நிறுவனத்தின் உரிம வாசகமும் சேர்ந்தே வந்துவிடும் என்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. அத்தகைய நகல் அசலைவிடச் சற்றுச் சிறுத்திருக்கும், முதுகுத் துடுப்புகளின் கூர்முனைகள் மழுங்கியிருக்கும். அளவுகோல் வைத்து எடுத்த படத்தை விற்பவரிடம் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே பணம் செலுத்துவது நல்லது.