மறுக்கும் எதிராளி: சீனச் சண்டைக் கலைகளில் அடிதடிக்கு எது உதவும்?

ஹாங்காங்கை அடுத்த மக்காவு நகரில் 1954 ஜனவரி 17 அன்று இரண்டு குங்ஃபூ ஆசான்கள் மேடை ஏறினார்கள். ஒருவர் வூ குங்யி. வூ குடும்பத் தாய்ச்சி மரபின் தலைவர், ஐம்பதைக் கடந்தவர். இன்னொருவர் வெண்கொக்குப் பாணியின் சான் ஹக்ஃபூ. வயதில் மிக இளையவர். அறப்பணிக்கு நிதி திரட்டுவதற்கான போட்டி. ஹாங்காங்கிலிருந்தும் கூட்டம் படகேறி வந்திருந்தது.

அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்துண்டை இன்றும் பார்க்கலாம். பார்த்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். கொக்கும் இல்லை, மேகம்போல் மிதக்கும் கையும் இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை வீசுகிறார்கள், மோதுகிறார்கள், விலகுகிறார்கள். பள்ளிக்கூடத்துப் பின்புறம் இரண்டு பையன்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு இது பழகிய காட்சி. சானின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. இரண்டாம் சுற்றிலேயே நிறுத்தி, வெற்றி தோல்வி இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், இந்தப் பரபரப்பைப் பயன்படுத்திக்கொண்டு மூன்றே நாளில் ஹாங்காங் நாளிதழ் ஒன்று வாள்வீரர் தொடர்கதையைத் தொடங்கியது. கூரைமேல் பறக்கும் வீரர்களின் புதிய அலை அங்கிருந்துதான் கிளம்பியது. மேடையில் யாரும் பறக்காததை எவரும் பொருட்படுத்தவில்லை.

இருவரும் போலிகள் அல்லர். வாழ்நாளெல்லாம் உழைத்தவர்கள். பிறகு ஏன் அப்படி? என் விடை எளிது: அவர்கள் கற்றதெல்லாம் ஒத்துழைக்கும் கைகளின்மேல் கற்றது. அன்று எதிரே நின்ற கை மறுத்தது.

சீனாவிலேயே ஒன்றுக்கொன்று போட்டியாக நிற்கும் பயிற்சிகள் நான்கு. தாய்ச்சி, விங் சுன், ஹுங் கர் போன்ற மரபுப் பள்ளிகள். சாண்டா என்ற விளையாட்டுச் சண்டை. ஷுவாய் ஜியாவ் என்ற மல்யுத்தம். கடைசியாக வெளியிலிருந்து வந்த எம்.எம்.ஏ., அதாவது குத்து, உதை, மல்யுத்தம், தரைச் சண்டை எல்லாம் கலந்த போட்டி. இவற்றைப் பாணிகளாக ஒப்பிடுவதில் பயனில்லை. ஒரு மணி நேர வகுப்பில் எத்தனை நிமிடம் எதிராளி உங்களுக்கு மறுப்புச் சொல்கிறான் என்று பார்த்தால் போதும்.

மரபுப் பள்ளியின் ஒரு மணி நேரம்

முதலில் குதிரை நிலை. தொடை நடுங்கும்வரை நிற்க வேண்டும். அடுத்து தாவ்லு, அதாவது அடிகளையும் தடுப்புகளையும் கோத்த தொடர். நம் சிலம்பத்தில் சுவடு பழகுவதுபோல. பிறகு இருவர் பயிற்சி. விங் சுன்னில் 'ஒட்டும் கைகள்', தாய்ச்சியில் 'தள்ளும் கைகள்'. இவற்றை நான் மட்டமாகப் பேச மாட்டேன். தொட்ட தோலின் வழியாக எதிராளியின் எடை எங்கே சாய்கிறது என்று அறியும் உணர்வு இவற்றால் உண்மையிலேயே வளர்கிறது. சிக்கல் வேறு இடத்தில். இரண்டு கைகளும் ஏற்கெனவே தொட்டுக்கொண்டிருக்கும் நிலையில் ஆட்டம் தொடங்குகிறது. தெருவிலோ மேடையிலோ, தொடுவதற்கு முன் இருக்கும் அந்த ஒன்றரை மீட்டர் இடைவெளியில்தான் பாதி சண்டை முடிந்துவிடுகிறது. அதைக் கடக்கப் பழக்குவது இந்த வகுப்பில் இல்லை.

அப்புறம் விளக்கப் பயிற்சி. மாணவன் ஒரு நேர்க்குத்து விடுகிறான். விட்ட கையை அங்கேயே நிறுத்திவைக்கிறான். ஆசான் அந்தக் கையைப் பிடித்து, முறுக்கி, விலாவில் இரண்டு தட்டு தட்டி, காலை வாரிக் கிடத்துகிறார். அழகாக இருக்கும். ஆனால் குத்தத் தெரிந்த எவனும் கையைக் காற்றில் காயப்போடுவதில்லை. போன வேகத்தில் திரும்பிவிடும். அது திரும்பும்போதே மற்றக் கை புறப்பட்டிருக்கும்.

செங்டுவில் 2017 ஏப்ரல் 27 அன்று நடந்தது இதுதான். எம்.எம்.ஏ. வீரர் ஷூ ஷியாவ்டோங், 'இடி' தாய்ச்சி என்று தன் பாணிக்குப் பெயர் வைத்திருந்த வெய் லெய்யைச் சில விநாடிகளில் தரையில் வீழ்த்தி, மேலே ஏறிக் குத்தினார். வெய் முன்பு அரசுத் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றியவர். உள்ளங்கையில் நின்ற புறா எழும்ப முடியாமல் தவிப்பதைக் காட்டியவர். புறாவும் ஒரு வகையில் ஒத்துழைக்கும் எதிராளிதான்.

மூன்று ஆண்டு கழித்து, 2020 மே மாதம், ஷாண்டோங் மாநிலத்து ஸிபோவில் மா பாவ்குவோ என்ற தாய்ச்சி ஆசான் ஐம்பது வயது அமெச்சூர் ஒருவரிடம் அரை நிமிடத்தில் மூன்று முறை விழுந்தார். மாவுக்கு அப்போது வயது 69. எழுபதை நெருங்கியவரை வீழ்த்தியதை வைத்து ஒரு மரபையே எடைபோடுவது நியாயமில்லை என்பவர்களுடன் உடன்படுகிறேன். ஷூ உலகச் சாம்பியன் அல்ல. ஆனாலும் தொழில்முறைச் சண்டைக்காரர். எதிரே வந்தவர்களில் பலர் அப்படிப்பட்டவர்களே அல்லர். தோற்றதைவிடத் தோற்ற விதம்தான் எனக்கு உறுத்துகிறது. கை தாடையைக் காக்கவில்லை, குத்து வரும் தூரம் கண்ணுக்குப் பிடிபடவில்லை, அடி பட்டதும் அடுத்து என்ன என்று உடலுக்குத் தெரியவில்லை. குத்துச்சண்டைக் கூடத்தில் மூன்று மாதம் உதை வாங்கிய பையனிடம்கூட இந்த மூன்றும் இருக்கும்.

ஷூவுக்கும் இதனால் நன்மை விளையவில்லை. மூத்த தாய்ச்சி ஆசான் ஒருவரை இழிவாகப் பேசிய வழக்கில் தோற்றார்; விமானத்துக்கும் அதிவேக ரயிலுக்கும் டிக்கெட் எடுக்க முடியாத பட்டியலில் சேர்க்கப்பட்டார். பிந்தைய சண்டை ஒன்றில் முகத்தில் கோமாளிபோல் சாயம் பூசிக்கொண்டுதான் நின்றார். தேசப் பெருமையைச் சோதித்தவருக்கு அப்படி ஒரு பரிசு.

'எங்கள் அடி கொல்லும்' என்ற வாதம்

மரபுப் பள்ளிகளின் வழக்கமான பதில் ஒன்று உண்டு: எங்கள் கலை கண்ணையும் குரல்வளையையும் தாக்குவது, விதி வைத்தால் எங்கள் கை கட்டப்படுகிறது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணைக் குத்தும் அடியை முழு வேகத்தில் யார்மேல் பழகினீர்கள்? யார்மேலும் இல்லை. பழகாத அடி கையில் வராது. ஜப்பானில் கானோ ஜிகோரோ 1882இல் ஜூடோவைத் தொடங்கியபோது இந்த முடிச்சை அவிழ்த்தார். ஆபத்தான பிடிகளைச் சுதந்திரப் பயிற்சியிலிருந்து விலக்கினார். மிஞ்சியவற்றை முழு பலத்தோடு, மறுக்கும் எதிராளிமேல், தினமும் பழகவைத்தார். சாதுவான பத்து வீச்சுகள், கொல்லும் நூறு அடிகளைவிடப் பயங்கரமாயின.

சீனர்களுக்கு இது தெரியாமல் இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் கடற்கொள்ளையரோடு போரிட்ட தளபதி ச்சி ஜிகுவாங், வெறுங்கைச் சண்டை பெரும்போருக்கு உதவாது, கைகால்களைப் பழக்கும் முதல் படி மட்டுமே என்று எழுதிவைத்தார். கண்ணுக்கு அழகான 'பூ வேலை' அசைவுகளை அவர் அறவே வெறுத்தார். 1933இல் பெருஞ்சுவரின் ஷிஃபெங்கோ கணவாயில் ஜப்பானியரோடு மோதிய 29ஆம் படையினரின் கையில் இருந்தது அகன்ற பெருவாள். மரபு ஆயுதம், மரபு ஆசான்கள். ஆனால் சிப்பாய்களுக்குக் கற்றுத்தந்தது எண்ணிச் சொல்லக்கூடிய சில வெட்டுகள் மட்டும். நாளை உண்மையாகவே சண்டை என்றால் பாடத்திட்டம் தானாகச் சுருங்கிவிடுகிறது.

அதேபோல் 1928இல் நாஞ்சிங்கில் நடந்த முதல் தேசியக் குவோஷு (சீனச் சண்டைக் கலைகளுக்கு அன்றைய பெயர்) தேர்வும் நினைவில் வைக்க வேண்டியது. மேடைச் சண்டையில் காயம் அதிகமாகி, யாராவது செத்துவிடுவார்களோ என்ற அச்சத்தில், கடைசியில் எஞ்சியவர்களை மோதவிடாமலே நிறுத்தினார்கள். அந்தத் தலைமுறைக்கு அடிக்கத் தெரிந்திருந்தது. வணிகச் சரக்குக்குக் காவல் போகும் நிறுவனங்கள் இருந்த காலத்தை ஒட்டி வளர்ந்தவர்கள் அவர்கள். ரயிலும் துப்பாக்கியும் வந்தபின் காவல் தொழில் போயிற்று. சோதித்துப் பார்க்கும் இடமும் அதோடு போயிற்று. சுவடு மட்டும் தங்கிவிட்டது.

(நம்மவர்களுக்கு இங்கே ஒரு கூடுதல் பெருமை உண்டு: காஞ்சியிலிருந்து போன போதிதர்மர்தான் ஷாவ்லினுக்குக் குங்ஃபூ கற்றுத்தந்தார் என்பது. அவரை உடற்பயிற்சியோடு இணைக்கும் ஏடு தோன்றியது 17ஆம் நூற்றாண்டில். அவர் வாழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு ஓராயிரம் ஆண்டுக்குப் பிறகு. எப்படியிருந்தாலும், பரம்பரைப் பட்டியலைக் காட்டி எந்தக் குத்தையும் தடுத்துவிட முடியாது.)

சாண்டாவும் மல்யுத்தமும்

சாண்டாவை மேற்கத்திய இறக்குமதி என்று மரபுவாதிகள் ஒதுக்குவார்கள். 1979இல் சீன விளையாட்டுத் துறை சோதனை முறையில் தொடங்கியது அது. குத்து, உதை, வீழ்த்தல் மூன்றும் உண்டு. எட்டு மீட்டர் சதுரம், 80 சென்டிமீட்டர் உயரம் கொண்ட மேடை. ஒரே சுற்றில் இரண்டு முறை கீழே தள்ளப்பட்டால் அந்தச் சுற்று போயிற்று. இரண்டு நிமிடச் சுற்றுகள் மூன்று. இரண்டை வென்றவர் வெற்றியாளர். 1998 பாங்காக் ஆசிய விளையாட்டிலிருந்து பதக்கப் போட்டி. மணிப்பூரின் ரோஷிபினா தேவி 2018இல் வெண்கலமும் 2023இல் ஹாங்சோவில் வெள்ளியும் வென்றது இதில்தான்.

இதன் தனி ருசி, உதைக்கும் காலைப் பிடித்து ஆளைக் கவிழ்ப்பது. அது பழைய சீன மல்யுத்தத்தின் சொத்து. ஆக மரபு இங்கே சாகவில்லை; கையுறை மாட்டிக்கொண்டது. குங் லே என்ற அமெரிக்க வியட்நாமிய சாண்டா வீரர் 2008இல் ஃபிராங்க் ஷாம்ராக்கின் கையை உதைகளாலேயே முறித்துப் பட்டம் பறித்தார். சாண்டா பழகி வந்த ஜாங் வெய்லி, 2019 ஆகஸ்டில் ஷென்ஜென்னில் 42 விநாடிகளில் எம்.எம்.ஏ. போட்டி நிறுவனமான யு.எஃப்.சி.யின் பட்டம் வென்றார். குறை என்ன? முழங்கை, முழங்கால் அமெச்சூர் விதியில் இல்லை. கட்டிப்பிடித்தால் நடுவர் உடனே பிரித்துவிடுவார். தரையில் விழுந்தபின் சண்டையே இல்லை. ஜாங் வெய்லி பட்டத்தை எட்டியது தரைச் சண்டையையும் தனியாகக் கற்றபின்தான்.

ஷுவாய் ஜியாவ் பற்றி அதிகம் பேசுவோர் இல்லை. இந்த நான்கில் எனக்குப் பிடித்தது அதுதான். குட்டைக்கை மேலங்கி, அதைப் பற்றி இழுத்துக் கவிழ்த்தல், பாதம் தவிர வேறு எது தரையில் பட்டாலும் தோல்வி. அவ்வளவுதான். ஆனால் முதல் நாளிலிருந்தே எதிராளி மறுக்கிறான். 1920களின் மேடைப் போட்டிகளில் முன்னே வந்தவர்களில் பலர் மல்யுத்தப் பழக்கம் உள்ளவர்கள் என்பது தற்செயல் ஆகாது. சட்டை போட்ட மனிதர்கள் சிமென்ட் தரையில் மோதும் இடத்தில், மற்றவனை விழவைத்துத் தான் நிற்கத் தெரிந்தவன் பாதிக்கிணறு தாண்டியவன். முகத்துக்கு வரும் குத்தைப் பற்றி மட்டும் அது எதுவும் சொல்லித்தராது.

எம்.எம்.ஏ. வைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. தனிமனிதன் தனிமனிதனோடு மோதும்போது இதைவிட முழுமையான தயாரிப்பு இப்போது இல்லை. மாதக் கட்டணம் அதிகம், காயம் அதிகம், நாற்பதுக்கு மேல் மூட்டு மன்னிக்காது. தெருவில் மூன்று பேர் சூழ்ந்திருக்கும்போது ஒருவனோடு தரையில் உருளும் பழக்கம் ஆபத்தும்கூட. கத்திக்கு முன் நான்கில் எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன், ஓட்டத்தைத் தவிர. சீனப் போலீஸ் நிலையங்களின் எச்சரிக்கை வாசகம் ஒன்று உண்டு: தோற்றால் ஆஸ்பத்திரி, ஜெயித்தால் ஜெயில்.

யாருக்கு எது

ஷாவ்லின் கோயிலுக்குப் பக்கத்தில் தாகோ என்றொரு பெரும் பள்ளி இருக்கிறது; பல்லாயிரம் மாணவர்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில் வெள்ளுடையில் தாய்ச்சி செய்தவர்கள் அங்கிருந்து போனவர்கள். அதே வளாகத்தில் சாண்டா அணியும் பழகுகிறது. ஒரே சோறு, ஒரே விடியற்கால ஓட்டம். இரண்டு ஆண்டு கழித்து ஒருவன் காற்றில் சுழன்று இறங்குவான். மற்றவன் அடி வாங்கியும் கண்ணை மூட மாட்டான். இரண்டுமே திறமை. இரண்டையும் ஒரே பெயரில் விற்பதுதான் குற்றம்.

இருபது வயதுப் பிள்ளைக்கு அடிதடியில் தைரியம் வேண்டும் என்றால் சாண்டா. கிடைக்காவிட்டால் பக்கத்துக் குத்துச்சண்டைக் கூடமோ ஜூடோ வகுப்போ போதும். அதில் ஓராண்டு ஊறியபின் விங் சுன்னோ தாய்ச்சியோ கற்றால் அவற்றின் நுணுக்கம் அப்போதுதான் உயிர் பெறும். முதலில் தூரம், பிறகு தொடு உணர்வு. அறுபது வயதுக்காரருக்குத் தாய்ச்சியை மனமாரச் சொல்வேன். முதியவர்கள் தடுக்கி விழுவதை அது குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அந்த வயதில் நிஜமான எதிரி குளியலறைத் தரைதான். அது ஒருநாளும் ஒத்துழைப்பதில்லை.

எந்தப் பெயர்ப்பலகை தொங்கினாலும், பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். குத்திய மாணவன் கையைத் திரும்ப இழுக்கிறானா? பிடியிலிருந்து திமிற அவனுக்கு அனுமதி உண்டா? ஆசான் எப்போதாவது மாணவனிடம் ஓர் அடி வாங்குகிறாரா? வாங்கும்போது அவர் முகத்தைக் கவனியுங்கள். சிரித்துவிட்டு 'இன்னொரு தடவை' என்றால், அன்றே சேர்ந்துவிடலாம்.