மண்டபத்தில் ஒரு குத்துச்சண்டைப் பயிற்சிக்கூடம்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரின் கடற்கரையை ஒட்டிய பழைய கருவாட்டுக் கிடங்கொன்றில் நடைபெறும் இப்பயிற்சிக்கூடத்தை, மகனைச் சேர்த்துவிட்ட தகப்பன் என்ற முறையில் தாராளமாகவே பரிந்துரைக்கிறேன். பயிற்சியாளர் குத்துகளை மட்டும் சொல்லித்தருவதில்லை. ரஷ்யாவின் செரோவ் நகரில் பிறந்து, 1991இல் சிட்னியில் உலக அமெச்சூர் பட்டத்தை வென்று, பின்னர் ஆஸ்திரேலியாவில் குடியேறித் தொழில்முறை வீரரான கோஸ்ட்யா சூவின் ஆட்டங்களைத் திரையிட்டு, நிறுத்தி நிறுத்தி விளக்குகிறார். 2001இல் சாப் ஜூடாவை இரண்டாம் சுற்றிலேயே சாய்த்த அந்த வலக்கைக் குத்து பிள்ளைகளுக்கு மனப்பாடம். சூ பழகியதைப் போலவே, தலைப்பட்டையில் எலாஸ்டிக்கால் கட்டிய டென்னிஸ் பந்தை விடாமல் குத்திக் கண்ணையும் கையையும் ஒருங்கே பழக்குகிறார்கள்; பந்து திரும்பி வந்து மூக்கில் அடிக்கும்போது எழும் சிரிப்பைக் கேட்க வேண்டுமே! 2005இல் மான்செஸ்டரில் ரிக்கி ஹாட்டனுக்கு எதிராகப் பதினோராம் சுற்றோடு சூவின் பயிற்சியாளரே ஆட்டத்தை நிறுத்திக்கொண்டதையும் மறைக்காமல் காட்டுவது எனக்குப் பிடித்திருந்தது. வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவுக்குப் போன ஊர்களிலிருந்து வரும் பையன்களிடம், அந்நிய மண்ணில் பெயரெடுத்தவரின் வாழ்க்கை நன்றாகவே எடுபடுகிறது. குறை, பொதுக் கையுறைகள்தாம்: உப்புக்காற்றில் உலராமல் பூஞ்சை பிடித்து நாறுகின்றன. சேர்ப்பவர்கள் கையுறையையும் கைப்பட்டையையும் சொந்தமாக வாங்கிக்கொடுத்து அனுப்புவதே நல்லது.